ஞாயிற்றுக்கிழமைக் கடிதங்கள்

“ஒரு தேசத்தின் நாளைய தலைமை, அதன் உறைவிடப் பள்ளிகளின் இரும்புக் கட்டில்களில்தான் துயில் கொள்கிறது.”

பள்ளியின் நூற்றாண்டு மலருக்காகக் கடித வாத்தியார் எழுதிய முதல் வாக்கியம் இது. எழுதி, இரண்டு தடவை வாய்விட்டுப் படித்து, திருப்தியில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு எதற்கும் ஒரு நடை பார்த்துவிடுவோம் என்று மாடியிலிருந்த படுக்கைக்கூடத்துக்கு ஏறினார். நாற்பது கட்டில்களில் பதினொன்று மிச்சம் இருந்தன. அவற்றில் அப்போது துயில் கொண்டிருந்தவை ஆறு சிமெண்டு மூட்டைகளும் ஒரு பூனையும்.

வாக்கியத்தை அவர் மாற்றவில்லை. பூனை வரும் போகும், வரலாறு நிற்கும்.

அது கத்தோலிக்கக் குருமார் நடத்திய ஆண்பிள்ளைகள் பள்ளி. எட்டு வயதில் சேர்த்துக்கொண்டு, பதின்மூன்று வயதில் பெரிய பள்ளிக்குத் தயார் என்று முத்திரை குத்தி அனுப்புவார்கள். கடித வாத்தியார் அங்கே முப்பத்தோரு வருடம் மொழிப்பாடம் நடத்தி, ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. ‘நமது வரலாறும் வசதிகளும்’ என்ற அத்தியாயத்தை அவர்தான் எழுத வேண்டும் என்று அதிபர் பாதரே வீடு தேடி வந்து கேட்டார். வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்.

பாதருக்கு நாற்பது வயதுதான். எதையும் நல்ல கண்ணோடு பார்ப்பவர்.

“நீச்சல் குளம்னு போட்டுடலாமா சார்?”

“அதுல தண்ணியே வந்ததில்லையே பாதர்.”

“குளம் இருக்கில்ல?”

“பள்ளம் இருக்கு.”

“அப்ப ‘திறந்தவெளி நீச்சல் குளம்’னு போடுங்க. திறந்துதானே கிடக்கு? பொய் இல்லையே. அப்புறம், மருத்துவ அறை.”

மருத்துவ அறை என்பது ஒரு கட்டில், ஒரு வெப்பமானி, ஒரு பெரிய பாட்டில். வயிற்றுவலிக்கும் வீட்டு நினைப்புக்கும் அதே பாட்டிலிலிருந்து அதே சிவப்பு மருந்துதான். ‘நவீன மருத்துவ வசதி’ என்று வாத்தியார் எழுதிக்கொண்டார்.

“எல்லாத்தையும் விட முக்கியம் உங்க டைப் கடிதம் சார். அது நம்ம தனிச்சிறப்பு. நாலஞ்சு மாதிரிக் கடிதம் எடுத்துப் போட்டோ பிடிச்சுப் போடுவோம். ஸ்டோர் ரூம்ல கிடக்குதாமே?”

வாத்தியாரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அவருக்குப் பட்டப்பெயர் வந்ததே அந்தத் திட்டத்தால்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பத்து மணிக்குப் பிள்ளைகள் வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும். எல்லாப் பள்ளியிலும் உள்ளதுதான். ஆனால் கோழி கிளறின மாதிரி கையெழுத்தில் கடிதம் போனால் பள்ளியின் மானம் என்ன ஆவது? வாத்தியார் வழி கண்டுபிடித்தார். பிள்ளைகள் எழுதுவது முதல் நகல் மட்டும். அதை அவர் சிவப்பு மையால் திருத்துவார். திருத்தியதை அலுவலகத்து டைப்பிஸ்ட் தட்டச்சு செய்வார். தட்டச்சாகும் தாளின் அடியில் பிள்ளையின் கையெழுத்து ஏற்கெனவே இருக்கும், ஏனென்றால் பருவம் தொடங்கும் முதல் நாளே ஒவ்வொருவனிடமும் பதினாறு வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்துவிடுவார்கள். ஆக, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்ன என்று எழுதிய பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளை எழுதியது என்ன என்று வீட்டுக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் நிம்மதி. பெற்றோர்கள் அந்தக் கடிதங்களைக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள்.

ஆசிரியர்களின் பிள்ளைகளும் விடுதியில்தான் தங்க வேண்டும், பாரபட்சம் கூடாது என்று இன்னொரு விதி. அதனால் வாத்தியாரின் ஒரே மகனும் ஐந்து வருடம் அங்கே தங்கினான். வீடு பின் மதிலைத் தாண்டி இரண்டாவது தெரு. வாசலுக்கு உள்ளே அப்பாவை ‘சார்’ என்றுதான் கூப்பிட வேண்டும். அம்மாவைப் பருவத்துக்கு ஒரு தடவை, வரவேற்பறைக் கடிகாரத்துக்குக் கீழே இருபது நிமிடம் பார்க்கலாம். அப்போதும் மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியர் இருப்பார். பெரும்பாலும் அவன் அப்பாதான்.

மகனின் கடிதத்தையும் முறைப்படி உறையிலிட்டு, தபால் தலை ஒட்டி, வாத்தியாரே தன் பையில் போட்டுக்கொண்டு வந்து மனைவியிடம் கொடுப்பார்.

“என்னங்க இது, ‘தங்களின் மேலான நலத்தை விழைகிறேன்’னு எழுதியிருக்கான்? பிள்ளை எழுதினதா, முனிசிபாலிட்டி எழுதினதா?” என்பாள் மனைவி.

“நடை முதிர்ந்திருக்கு” என்பார் வாத்தியார்.

ஸ்டோர் ரூம் சாவி டைப்பிஸ்டிடம் இருந்தது. எல்லாரும் அவரை ‘டைப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் ஓய்வு பெற்றவர்தான். ஆனால் போக வேறு இடமில்லாமல் தினமும் பள்ளிக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்.

“நகலெல்லாம் ஏழு வருஷம் வச்சிருக்கணும்னு உத்தரவு சார்” என்று தகரப் பெட்டியைத் திறந்தபடி சொன்னார். “ஏழு வருஷம் முடிஞ்சா என்ன பண்றதுன்னு உத்தரவு வரலை. அதான் எல்லாம் இருக்கு.”

“யோவ் டைப்பு, நீ இல்லாட்டி இந்தப் பள்ளிக்கு வரலாறே இல்லய்யா.”

“எலி இருந்தா வரலாறு இருக்காது சார். அதுக்குத்தான் பூனை.”

வாத்தியார் கட்டுகளைப் புரட்டினார். தன் சிவப்பு மையைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. ஒரு கட்டுக்குள் மகனின் பெயர் தெரிந்தது. ஒன்பது வயது எழுத்து. ஆசையோடு எடுத்தார்.

‘அம்மா, எங்க மாடியில மூணாவது ஜன்னல்ல இருந்து பாத்தா நம்ம சமையலறை விளக்கு தெரியுது. இங்க ஒன்பது மணிக்கு எல்லா விளக்கையும் அணைச்சுடுவாங்க. நீ ஒன்பதே காலுக்கு அணைச்சுடற. அதுக்குள்ள எனக்குத் தூக்கம் வரலை. இன்னும் கொஞ்ச நேரம் எரியவிடும்மா. நான் தூங்கினதும் அணைச்சுக்கோ.’

இதன் மேல் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில், அழகான கையெழுத்தில்: ‘தேவையற்ற செய்தி. மின்சாரம் வீண்.’ கீழே, பதிலாகச் சேர்த்த வரி: ‘விடுதியில் விளக்கு வசதி சிறப்பாக உள்ளது.’

வாத்தியார் அங்கேயும் கிடந்த ஒரு சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

“இதை நீதானே டைப் அடிச்சே?”

டைப்பு தாளை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “நீங்க அடிக்காம விட்டதை நான் அடிச்சேன் சார். எனக்கு அவ்வளவுதானே வேலை.” தாளைத் திருப்பிக் கொடுத்தபடி, “இதை அடிச்ச அன்னைக்கு உங்ககிட்ட வந்து நின்னேன். ‘தம்பி வரி ஒண்ணு போயிருக்கு சார்’னேன். ‘பாரபட்சம் கூடாது’ன்னீங்க” என்றார்.

அது வாத்தியாருக்கு நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பார் என்பதில் அவருக்கே சந்தேகமில்லை.

பாதரிடம் போய், கடிதங்களைக் கரையான் தின்றுவிட்டது என்றார்.

அவரை உறுத்தியது அந்தச் சிவப்புக் கோடு மட்டும் இல்லை. மகனுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. வெளியூரில் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளன். மாதத்தின் முதல் ஞாயிறு போன் பண்ணுவான். அப்பாவோடு அரைமணி நேரம் பேசுவான். ஆலோசனை கேட்பான். பிறந்தநாளுக்கு நல்ல பேனா அனுப்புவான். அம்மாவோடு இரண்டு நிமிடம்: மாத்திரை வாங்கினாயா, கால்வலி எப்படி, சரி வைக்கிறேன்.

“விசாரணைக் கமிஷன் முடிஞ்சுது” என்று போனை வைப்பாள் அவள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஒரு தடவை மட்டும் சிரிக்காமல் கேட்டாள்: “நான் அவனுக்கு என்னங்க பண்ணேன்? அடிச்சது கூட இல்லையே.”

அன்றைக்கு வாத்தியார், “ஆம்பளைப் பிள்ளைங்க வளர்ந்தா அப்படித்தான், அப்பாகிட்டதான் ஒட்டும்” என்றார். உள்ளுக்குள் கொஞ்சம் பூரிப்பு கூட இருந்தது. கண்டிப்பாக வளர்த்ததன் பலன் என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது கணக்கு வேறாகத் தெரிந்தது. ஒன்பது வயதுப் பையன் தன் கையால் எழுதிக் கொடுத்த வேண்டுதல் போய்ச் சேர்ந்தது என்று நம்பிக்கொண்டு, ஒவ்வொரு இரவும் மூன்றாவது ஜன்னலில் நின்றிருக்கிறான். ஒன்பதே காலுக்கு விளக்கு அணைந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒருநாள் ஜன்னலுக்கு வருவதை அவன் விட்டிருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் ஒன்பதே காலுக்கு விளக்கை அணைக்க வேண்டும் என்பது அவள் பழக்கம் அல்ல. அதுவும் அவர் போட்ட சட்டம்தான்.

சொல்லிவிடலாம் என்று மூன்று நாள் முயன்றார். தாளை எடுத்துக்கொண்டு சமையலறை வாசல் வரைக்கும் போவார்.

“என்னங்க, காபியா?”

“இல்ல, சும்மா.”

“சும்மா வர்ற ஆளா நீங்க? இந்தச் சமையலறைக்குள்ள நாப்பது வருஷத்துல ரெண்டு தடவை வந்திருக்கீங்க. ஒண்ணு தீப்பெட்டிக்கு. இன்னொண்ணு, என்னையே தேடி வந்து தீப்பெட்டி எங்கேன்னு கேட்க.”

சொன்னால் அவளுக்கு மகன் கிடைப்பான். தனக்கு? அரைமணி நேரப் போன், ஆலோசனை, பேனா எல்லாம் என்ன ஆகும் என்று யோசித்தார். எழுபதை நெருங்கும் வயதில் ஒரு மனிதனுக்கு வேறு என்னதான் மிச்சம்? திரும்பிப் போய் மலருக்கு எழுதினார்: ‘பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே நமது பள்ளி என்றும் ஒரு பாலமாக விளங்கியது.’ அடித்துவிடப் பேனாவைத் தூக்கினார். வாக்கியம் நன்றாக இருந்ததால் அடிக்கவில்லை.

நூற்றாண்டு விழாவுக்கு மகன் வந்தான். அப்பா அழைத்ததால் வந்தான். காலையில் பூசை, பேச்சு, மறுபடி பேச்சு. நீச்சல் குளத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். மதியம் பாதர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: நூறு வருடத்தில் முதல் தடவையாக, படுக்கைக்கூடத்தைத் தாய்மார்களும் மேலே வந்து பார்க்கலாம்.

“வாடா, நீ தூங்கின இடத்தை நானும்தான் பார்க்கிறேன்” என்று முட்டியைப் பிடித்தபடி மனைவி படியேறினாள். மகன் பின்னால் போனான். தடுக்கக் காரணம் கிடைக்காமல் வாத்தியாரும் போனார்.

மூட்டைகளை அகற்றிக் கட்டில்களுக்கு வெள்ளை விரிப்பு போட்டிருந்தார்கள். அவள் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மூன்றாவதில் நின்றாள்.

“ஐயையோ, இங்க பாருங்களேன்! நம்ம சமையலறை! அதோ நான் காயப்போட்ட துண்டு!” சின்னப் பெண் போலக் கைதட்டினாள். “இவ்வளவு பக்கமா? யாருமே சொல்லலையே. தெரிஞ்சிருந்தா ராத்திரி பூரா விளக்கை எரியவிட்டிருப்பேனே. எம்பிள்ளை பார்த்துட்டுக் கிடந்திருப்பானே.”

மகன் ஜன்னல் கம்பியைப் பிடித்தான்.

“நான் சொன்னேனேம்மா.”

“எப்படா சொன்னே?”

“எழுதினேன். ஒன்பதே காலுக்கு அணைக்காதேன்னு எழுதினேன்.”

“சத்தியமா இல்லடா. உன் கடிதம் ஒண்ணு விடாம வச்சிருக்கேன். எல்லாம் எனக்கு மனப்பாடம். ‘விளக்கு வசதி சிறப்பாக உள்ளது’ன்னுதான் எழுதியிருந்தே. இதென்னடா எம்பிள்ளைக்கு விளக்கு மேல இவ்வளவு அக்கறைன்னு நான் கூட நினைச்சேன்.”

அவன் வெகுநேரம் அவளையே பார்த்தான். வாய் கோணியது. லிஃப்ட் கம்பெனி மேற்பார்வையாளனின் முகம் கரைந்து, உள்ளேயிருந்து வேறு ஒரு முகம் வந்துகொண்டிருந்தது. பிறகு மெல்ல, இன்னும் கேள்வியாகக் கூட ஆகாத ஒன்றோடு, அப்பா பக்கம் திரும்பினான்.

இதுதான் நேரம் என்று வாத்தியாருக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தார். நிஜமாகவே சொல்லத்தான் திறந்தார்.

“டைப் அடிக்கும்போது விட்டுப்போயிருக்கும்” என்றார்.

தாயும் மகனும் கையைக் கோத்துக்கொண்டு படியிறங்கினார்கள். அவள் அழுதாளா சிரித்தாளா என்று பின்னால் வந்தவருக்குத் தெரியவில்லை. கீழே மேசை போட்டு டைப்பு மலர் விநியோகம் செய்துகொண்டிருந்தார்.

“என்ன அண்ணா நீங்க,” என்றாள் அவள், மூக்கை முந்தானையில் துடைத்தபடி, “எம்பிள்ளை எழுதின ஒரே ஒரு நல்ல வரியை விட்டுட்டீங்களாமே?”

டைப்பு நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அவள் பிடித்திருந்த மகனின் கையைப் பார்த்தார். கடைசியாக, அவர்களுக்குப் பின்னால் தூணோரமாக நின்ற வாத்தியாரைப் பார்த்தார். ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

“ஆமாம்மா” என்று எழுந்திருக்கப் போனார். “எனக்கு அப்பவே கண்ணு சரியில்ல. என் தப்புதான். மன்னிச்சிடுங்க.”

“சேச்சே, எந்திரிக்காதீங்க. வேணும்னா செஞ்சீங்க?” என்றாள் அவள்.

“விடுங்க மாமா, எவ்வளவு வருஷம் ஆச்சு” என்றான் மகன்.

பாதர் உட்பட சுற்றி நின்றவர்கள் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தார்கள். கடித வாத்தியாரும் டைப்பின் தோளில் தட்டி, அவரை மன்னித்தார்.