மழைக்குச் சிவப்பு

மாத்தளை டவுனில் விளம்பரப் பெனர் அச்சடிக்கும் கடை வைத்திருக்கும் பஸ்லிக்கு அலுவிகாரையிலிருந்து ஒரு பெரிய வேலை வந்தது. ஓய்வுபெற்ற பொறியியலாளர் மகேந்திரராஜா அங்கே புதிதாகக் கட்டிய விடுதியின் சுவர்களுக்கு ஆறு படங்கள் வேண்டும். பழைய ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்கள்தான். ஆனால், இந்தக் காலத்துக்கேற்ற பளிச்சென்ற நிறங்களில்.

கோடுகளைக் கணினியில் வரைந்தவன் பஸ்லி. நிறம் கொடுத்தவள் அவன் மனைவி றுக்ஸானா. பல்லேபொலவிலுள்ள வீட்டில் மதியச் சோற்றை ஆக்கி இறக்கிவிட்டு லெப்டொப்போடு உட்காருவாள். அலையை மாம்பழ மஞ்சளாக்கினாள். மலையை ஊதாவாக்கினாள். மழைக்குப் பயந்து பாலத்தில் ஓடும் மனிதர்களுக்கு மேலே வானத்தை அப்படியே சிவப்பாக்கினாள். பஸ்லிக்கு அது பிடிக்கவில்லை. ஏனென்று கேட்கவுமில்லை.

படங்களுக்குக் கீழே ஒட்டும் சின்ன அட்டைகளில் 'ஓவியம்: பஸ்லி' என்று மட்டும் அடித்தான். கடை என் பேரில்தானே இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

திறப்பு விழாவுக்கு றுக்ஸானாவும் வந்தாள். முதல் அட்டையை வாசித்தாள். இரண்டாவதையும் வாசித்தாள். அதன்பிறகு அவள் அட்டைகளின் பக்கம் பார்க்கவில்லை.

பாலத்துப் படத்துக்கு முன்னால் மகேந்திரராஜா பஸ்லியின் தோளில் கை வைத்தார். "எனக்கு இதுதான் நல்லாப் பிடிச்சது. மழை பெய்யேக்க வானம் ஏன் தம்பி சிவப்பு?"

பஸ்லிக்குத் தெரியாது. றுக்ஸானா இரண்டடி தள்ளி ஜூஸ் கிளாஸோடு நின்றாள். அவளைக் கைகாட்டினால் போதும்.

"அது... அந்தி நேரம் சேர்," என்றான்.

அவள் தலை குனிந்துகொண்டாள்.

திரும்பி வரும்போது த்ரீவீலரில் அவள் வெளியே பார்த்தபடியே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவனால் பொறுக்க முடியவில்லை.

"ஏன் செவப்புப் போட்ட?"

"இப்பதான் கேக்கத் தோணிச்சா?" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "கல்யாணம் முடிச்சு இங்க வந்த மொத வருஷம், வீட்டு முத்தத்துல சாதிக்கா காய்ஞ்சுக்கிட்டு இருந்திச்சு. திடீர்னு மழ. ஒரு செவப்புப் படங்குச் சீலைய நீங்களும் நானும் தலைக்கு மேல புடிச்சுக்கிட்டு ஓடி ஓடி அள்ளினோம். அண்ணாந்து பாத்தா வானமே செவப்பாத் தெரிஞ்சிச்சு. மறந்துட்டீங்க, என்ன?"

மறந்துதான் போயிருந்தான்.

காலையில் முதல் பஸ்ஸிலேயே அலுவிகாரைக்குப் போனான். "சேர், நேத்து நான் பொய் சொன்னேன். நிறமெல்லாம் என் மனைவி போட்டது."

மகேந்திரராஜா பாலத்துப் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "நேத்து அவ பக்கத்திலதானே நிண்டவ?"

"ஆமா சேர்."

அவர் ஏசியிருந்தால் தேவலாம் போலிருந்தது. அவர் றுக்ஸானாவின் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். பஸ்லி ஆறு அட்டைகளையும் பிடுங்கிவிட்டு, கடைக்குப் போய் இருவர் பெயரும் உள்ள புது அட்டைகளை அடித்து வந்து ஒட்டினான். அவள் பெயரை முதலில் போட்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து, புது அட்டையைப் போனில் எடுத்த படத்தை றுக்ஸானாவிடம் காட்டினான். அவள் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு. ஆனா நேத்து, அவ்வளவு பேருக்கு முன்னால சொல்லியிருக்கணும்."



அடுத்த வாரம் மகேந்திரராஜாவிடம் நம்பர் வாங்கிய கண்டிப் பல் வைத்தியர் ஒருவர் றுக்ஸானாவுக்கே நேராகப் போன் எடுத்தார். அவருக்கு நான்கு படங்கள் வேண்டுமாம். அவள் சிங்களத்தில் விவரம் கேட்டாள். கோடு போட ஒருவர் இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

போனை வைத்துவிட்டுப் பஸ்லியைப் பார்த்தாள். "செய்வீங்களா?"

 அவன் சரியென்று தலையாட்டினான்.