ஓரத்தில் எழுதிய வரி

1984-இல் சொர்ணம்மாளுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று சென்னை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் பயிரிடும் குடும்பம். அவள் பீடியைத் தொட்டதே இல்லை. கணவன் முனிரத்தினம் முப்பது வருஷமாக நாளைக்கு இரண்டு கட்டு ஊதுகிறவன். அவளுக்கு இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. அவனோ ஆஸ்பத்திரியின் மூன்று மாடியையும் ஒரே ஓட்டமாக ஏறி வந்தான். அவனுடைய அகன்ற மார்பைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுக்காக விவரம் கேட்க ஒரு குமாஸ்தா கட்டிலருகே வந்தார். வயது, ஊர், தொழில் எல்லாம் எழுதிவிட்டு, "புகைப் பழக்கம்?" என்றார்.

"அவளுக்கு அதெல்லாம் கெடியாது சார்," என்று முனிரத்தினம் முந்திக்கொண்டான்.

"இவுரு ஊதறத எழுதிக்க சார். பக்கத்துல படுத்துக்குனு நானும்தானே இழுத்தேன்," என்றாள் சொர்ணம்மாள்.

"நோயாளியப் பத்தி மட்டும்தாம்மா இதுல கட்டம் இருக்கு."

"அப்போ ஓரத்துல எழுது."

குமாஸ்தா தயங்கிவிட்டு, 'கணவர்: தினம் இரண்டு கட்டு பீடி' என்று ஓரத்தில் எழுதினார். முனிரத்தினம் தலை நிமிரவில்லை.

"பாலு வாங்கியாறேன்," என்று முணுமுணுத்துவிட்டுப் படியிறங்கி ஓடினான். அந்த மூச்சில் பாதியாவது தனக்கு இருக்கக்கூடாதா என்று அவள் அப்போதும் பொறாமைப்பட்டாள்.