கூரையில் நின்று ஒரு குலவை

கணவன் அல்லால் மண்வெட்டியை வீசிவிட்டு ஓடுவதை ஹதூம் கூரையிலிருந்து பார்த்தாள்.

"எங்கே ஓடறே? நில்லு மனுஷா! உனக்குத்தான் லைசென்ஸ் இருக்கே!"

தொண்டை கிழியக் கத்தியும் பலனில்லை. வரப்பைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, தேவதாரு மரங்களுக்குள் புகுந்து அவன் மறைந்துவிட்டான். நாற்பத்தைந்து வயது மனிதன் அந்த ஓட்டம் ஓடினான். எல்லாம் மேட்டு வீட்டு ஆள் போட்ட கூச்சலால் வந்த வினை. "மழை! மழை!" என்று அவன் கத்தியபோது வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

கெத்தாமா மலையில் அந்தக் கூச்சலுக்கு ஒரே அர்த்தம்தான். போலீஸ் ஜீப் கணவாய் வளைவில் இறங்குகிறது, கஞ்சா வழக்கில் பெயர் உள்ளவர்கள் காட்டுக்குப் போய்விடுங்கள் என்று பொருள். அல்லால் பெயர் பல வருஷம் வழக்கில் இருந்தது. சந்தைக்குப் போகமாட்டான். அடையாள அட்டை புதுப்பிக்கப் போகமாட்டான். மாமனார் சாவுக்குக்கூட இருட்டிய பிறகு வந்து, விடிவதற்குள் போனவன். பிறகு சட்டம் மாறியது, லைசென்ஸ் இருந்தால் கஞ்சா பயிரிடலாம் என்றானது. பழைய வழக்குகளுக்கு மன்னிப்பு வந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்தான், அரசாங்க விதை வாங்கினான், அளந்து கொடுத்த நிலத்தில் லைசென்சோடு விதைத்தான். இதெல்லாம் அவன் தலைக்குத் தெரியும். கால்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலும்.

சங்கத் தலைவர் ஹமிதூ மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார்.

"ஹதூம், அல்லாலைக் கூப்பிடும்மா. சோதனைக்கு மாதிரி எடுக்கறவங்க வந்துட்டாங்க. நாளைக்கு வர்றோம்னு சொன்னவங்க இன்னிக்கே வந்து நிக்கிறாங்க. காவலுக்கு ரெண்டு போலீசையும் கூட்டிட்டு வந்திருக்காங்க."

"அவர் ஓடிட்டார் அண்ணே."

"என்னது, ஓடிட்டானா?" ஹமிதூ தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி! லைசென்ஸ்காரன் தன் வயல்ல நின்னு, பூ வெட்டறதைப் பார்த்து, பை மேல கையெழுத்துப் போடணும். இல்லேன்னா சோதனைக்கு மறுத்துட்டான்னு எழுதிடுவாங்க. வயலைக் கொளுத்துவாங்க. அவன் மேல புது வழக்கு வரும். இன்னொரு தரம் மன்னிப்புக் கிடைக்கும்னு நினைக்கிறியா?"

ஹதூம் கூரையிலிருந்து இறங்கினாள். உள்ளே ஓடினாள். அவன் கைப்பேசி மெத்தை மேல் கிடந்தது. காட்டுக்குப் போகிறவர்கள் கைப்பேசி எடுத்துப் போவதில்லை, அதை வைத்தே பிடித்துவிடுவார்களாம்.

"எங்கே ஒளிஞ்சிருப்பான்? நான் போய் இழுத்துட்டு வர்றேன்" என்றார் ஹமிதூ.

"எனக்குத் தெரியாது."

"பொண்டாட்டிக்குத் தெரியாதா?"

"உங்க வீட்டம்மாவுக்கு நீங்க சொல்லியிருக்கீங்களா?"

அந்த ஊரில் எந்த ஆணும் ஒளியும் இடத்தை மனைவியிடம் சொல்வதில்லை. போலீஸ் அடித்துக் கேட்டாலும் அவளிடம் சொல்வதற்கு ஒன்றும் இருக்கக்கூடாது. ஒரு வகையில் அது அன்புதான். அந்த அன்பு இப்போது அவள் கழுத்தை நெரித்தது.

ஜீப் வாசலில் வந்து நின்றது. மாதிரி எடுக்க வந்தவள் இல்ஹாம் என்ற இளம்பெண், காலில் புழுதி படிந்த பூட்ஸ், கையில் கத்தரிக்கோலும் பைகளும். பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள்.

"வணக்கம் லல்லா," என்று மரியாதையாக அழைத்தாள் இல்ஹாம். "வீட்டுக்காரர் எங்கே?"

"விறகு வெட்டப் போயிருக்கார். இப்ப வந்துடுவார். உட்காருங்க, தேநீர் போடறேன்."

"வரட்டும். ஆனா ரொம்ப நேரம் இருக்க முடியாது. இருட்டுறதுக்குள்ள கணவாயைத் தாண்டணும்" என்றாள் இல்ஹாம். பெரிய போலீஸ்காரர் வயலோரம் கிடந்த மண்வெட்டியைப் பார்த்தார். பிறகு காட்டைப் பார்த்தார்.

"விறகு வெட்ட மண்வெட்டி எடுத்துப் போவாங்களோ இந்த ஊர்ல?" என்று சிரித்தார்.

ஹதூம் புதினா ஆய்ந்தாள். இலையைத் தரையில் போட்டாள், காம்பைப் பாத்திரத்தில் போட்டாள். ஒரு வழி இருந்தது. ஜீப் வந்ததும் அந்த வழி அவளுக்கு நினைவு வந்துவிட்டது, அதனால்தான் இந்தத் தடுமாற்றம். போலீஸ் போன பிறகு காட்டில் இருப்பவர்களைத் திரும்பக் கூப்பிட, ஒரு பெண் கூரையேறி நீளமாக ஒரு குலவை போடுவாள். அதைக் கேட்டால் கவலையில்லாமல் இறங்கி வரலாம். போலீஸ் இருக்கும்போது அந்தக் குலவையை அந்த ஊரில் எவளும் போட்டதில்லை.

குலவை கேட்டால் அல்லால் வந்துவிடுவான். ஆனால் அவள் தம்பி மொக்தாரும் வந்துவிடுவான்.

மன்னிப்புக் கிடைத்தும் மொக்தார் சும்மா இருக்கவில்லை. லைசென்ஸ் வாங்கப் பொறுமை இல்லாமல், போன வருஷம் பழையபடி கடத்தல்காரனுக்கு விற்றான். இப்போது அவன் பேரில் புது வழக்கு. கடற்கரையில் ஜெப்ஹாவுக்கு மீன் ஏற்றப் போகிறேன் என்று நேற்று சொன்னான். சொன்னதுதான், போனதைப் பார்த்தவர் யாருமில்லை. போயிருப்பான், போயிருப்பான் என்று ஹதூம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொய் சொல்கிறோம் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

இரண்டாம் சுற்றுத் தேநீரும் முடிந்தது. இல்ஹாம் எழுந்து பேனாவை எடுத்தாள்.

"மன்னிச்சுக்கங்க லல்லா. ஆள் இல்லேன்னு எழுதிக்கிட்டுப் போறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை."

"ஒரு நிமிஷம்மா! ஒரே நிமிஷம்!"

ஹதூம் ஏணியில் ஏறினாள். கூரை மேல் நின்று வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. பயத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்த வாளித் தண்ணீரை அள்ளி வாய் கொப்பளித்துத் துப்பினாள். மறுபடி திறந்தாள். இந்த முறை வந்தது. கல்யாண வீட்டில்கூட அவள் அப்படிக் குலவை போட்டதில்லை. மலை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது.

பக்கத்துக் கூரைகளில் பெண்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள். கீழே நிற்கும் ஜீப்பைப் பார்த்தார்கள். ஒருத்தி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"வீட்டுல விசேஷமா?" என்று சின்ன போலீஸ்காரர் கீழிருந்து கேட்டார். ஹமிதூ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் மரங்களுக்கு இடையே நீலச் சட்டை தெரிந்தது. அல்லால்தான், வெகு தூரத்தில், மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தான். ஹதூமுக்கு உயிர் திரும்பியது. அது அரைக்கணம்கூட நிலைக்கவில்லை. அவனுக்கு வெகு முன்னால், ஓடைக்கு இந்தப் பக்கம், வீட்டின் பின்சுவரை ஒட்டிய பாதையில் மொக்தார் வந்துகொண்டிருந்தான். சட்டையில் ஒட்டிய முள்ளைத் தட்டிக்கொண்டே நிதானமாக நடந்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஜீப் அவனுக்குத் தெரியவில்லை. இன்னும் நேரம் இருந்தது. "மழை!" என்று ஒரு வார்த்தை போதும், தம்பி தப்பிவிடுவான். ஆனால் கூடவே அல்லாலும் ஓடிவிடுவான், பிறகு இருட்டும்வரை இறங்கமாட்டான். வார்த்தை தொண்டைவரை வந்தது. ஹதூம் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா! ரொட்டி ஏதாச்சும் இருக்கா? காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலே..."

சுவரைத் திரும்பிய மொக்தார் அப்படியே நின்றான். பெரிய போலீஸ்காரர் தேநீர்க் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

"அட, மொக்தார்! உன்னை எங்கெல்லாம் தேடறோம்!"

ஓடக்கூட இடமில்லை. விலங்கு மாட்டியபடியே பெரிய போலீஸ்காரர் கேட்டார், "அந்தக் குலவை உனக்கா? உங்க அக்கா சைகை காட்டினாளா?"

"சைகையாவது ஒண்ணாவது. பசிச்சுது, வந்தேன்" என்றான் மொக்தார். கூரைப் பக்கம் அவன் தலையைத் திருப்பவே இல்லை.

ஓடைக்கு அப்பால் அல்லால் உறைந்து நின்றுவிட்டான். ஹமிதூ எதிரே ஓடினார். "உனக்கு ஒண்ணுமில்லடா! மாதிரி எடுக்க வந்தவங்க! வாடா!" அல்லால் வந்தான். யாரும் சொல்லாமலே இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியபடி வந்தான்.

"கையை இறக்குங்க ஐயா. கையெழுத்துப் போட வேண்டாமா?" என்றாள் இல்ஹாம். அவள் குரலும் சரியாக இல்லை.

பத்துச் செடிகளில் பூ வெட்டினார்கள், பைகளை ஒட்டினார்கள். அல்லால் கையெழுத்துப் போட்டான். சாட்சிக்காக ஒரு பையை அவனிடமே கொடுத்துவிட்டு, ஜீப் மொக்தாரோடு கிளம்பியது.

ஹதூம் கூரையை விட்டு இறங்கவில்லை. அல்லால் ஏணியில் பாதி ஏறி நின்றான்.

"அவன் காட்டுல இருந்தது உனக்குத் தெரியாதுல்ல?" என்று கேட்டான். தெரியாது என்று சொல்லிவிடு என்று கெஞ்சுவது போல இருந்தது அவன் முகம்.

"ரெண்டு பேரும் வர்றதைப் பார்த்தேன்" என்றாள் ஹதூம். "அவன்தான் முன்னாடி வந்தான். பார்த்துட்டு வாயைப் பொத்திக்கிட்டேன்."

அல்லால் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டான்.