கருவாட்டுக் குழம்பு போன ஊர்

வளவன் எழுதிய புத்தகம் பார்சலில் வந்த அன்றைக்கு வீடே சந்தோஷமாக இருந்தது. நீலாம்பாளும் சந்தோஷமாகத்தான் அதைக் கையில் வாங்கினாள். நாலாவது பக்கம் வரைக்கும் அந்தச் சந்தோஷம் தாங்கியது.

சிறுபிள்ளைகளுக்கான புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் கலர் படம், “அப்பா போன ஊர்” என்று பெயர். வளவன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். வகுப்பில் சொன்ன கதையைத்தான் எழுதிப் பதிப்பகத்துக்கு அனுப்பியிருந்தான். மகன் பெயரை அட்டையில் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீலாம்பாள் சத்தமாகவே படிக்க ஆரம்பித்தாள். சத்துணவுக்கூடத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிய பழக்கம் இன்னும் போகவில்லை.

ஒரு சின்னப் பையன். அவனுடைய அப்பா கப்பலில் வேலைக்குப் போயிருப்பதாக அம்மா சொல்கிறாள். ஆனால் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைக்கிறாள். அந்த வீட்டில் கருவாடு தின்கிறவர் அப்பா ஒருவர்தான். குழம்பைத் தூக்கில் ஊற்றித் துணிப்பையில் வைத்துக்கொண்டு அம்மா பஸ் ஏறுகிறாள். பொழுது சாய, காலித் தூக்கோடு வந்து இறங்குகிறாள். கப்பலுக்கு எந்த பஸ் போகும் என்று பையன் யோசிக்கிறான்.

அடுத்த பக்கத்தில் அப்பாவின் படம். வெள்ளைச் சுவர், பெரிய ஜன்னல், இரும்புக் கட்டில். அம்மா சோறு பரிமாறுகிறாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“கண்ணு எரியுது,” என்று நீலாம்பாள் புத்தகத்தை மூடினாள். அவள் குரல் மாறியதை வளவன் கவனித்தானா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்துதான் அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்க்கத் தொடங்கினாள்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்திய சங்கதி அது. அவள் கணவர் இராஜாங்கம், அப்பன் காலத்திலிருந்து அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கிய குடும்பத்தில் முதல் ஆளாகக் குத்தகைக்கு நிலம் எடுத்தார். அந்த வருஷம் பார்த்து ஆற்றில் தண்ணீர் வரவில்லை. நாற்று காய்ந்தது. அவர் முதலில் பேச்சை நிறுத்தினார், பிறகு சாப்பாட்டை. ஒருநாள் அவர் கையிலிருந்து பூச்சிமருந்து டப்பாவை நீலாம்பாள் பிடுங்கவேண்டி வந்தது. அன்றைக்கே அவள் அண்ணன் மருதையன் வண்டி பிடித்து, தஞ்சாவூருக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு மனநல இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒன்பது மாசம். ஊருக்கும் ஏழு வயது வளவனுக்கும் “சிங்கப்பூர்” என்று சொன்னாள். அந்தப் பக்கத்து ஆண்கள் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள், யாரும் துருவிக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது, “அந்த ஊரு ஒத்துக்கல” என்றதோடு முடிந்தது.

தெரிந்தவர்கள் அவளையும் சேர்த்து மூன்றே பேர். இப்போது அது படம் போட்டு அச்சில் வந்திருக்கிறது.

முதலில் பட்டுக்கோட்டைக்குப் போன் போட்டாள். மருதையன் அங்கே தேங்காய் மண்டியில் கணக்குப்பிள்ளை.

“அண்ணே, வளவன்கிட்ட எதாச்சும் சொன்னியா? அந்த ஒம்பது மாசத்தைப் பத்தி?”

“நான் எதுக்கும்மா சொல்லப்போறேன்? அப்பவே உனக்கு வாக்குக் குடுத்திருக்கேன்ல. ஏன், யாராச்சும் கேட்டாங்களா?”

அந்தக் கடைசிக் கேள்வி கொஞ்சம் அவசரமாக வந்த மாதிரி இருந்தது. போனை வைத்த பிறகும் நீலாம்பாள் அதையே திருப்பித் திருப்பி நினைத்தாள். பிறகு சட்டென்று இன்னொரு முகம் நினைவுக்கு வந்தது.

மருமகள் பூவிழி. மன்னார்குடியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் மருந்தாளுநர். இராஜாங்கம் இன்றைக்கும் ராத்திரி ஒரு மாத்திரை போடுகிறார். அது பிரஷர் மாத்திரை என்றுதான் வீட்டில் பேச்சு. மன்னார்குடியில் வாங்கினால் யாராவது பார்ப்பார்கள் என்று நீலாம்பாள் தஞ்சாவூருக்கே போய் வாங்கி வருவாள். மாத்திரை அட்டையைப் பார்த்தாலே எதற்கென்று சொல்லிவிடுகிற பெண் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள். கல்யாணமாகி ரெண்டு வருஷம்தான் ஆகிறது. அவள் புருஷனிடம் சொல்ல, அவன் துருவியெடுத்து எழுதியிருக்கிறான். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திப் போயிற்று.

மூன்று நாள் நீலாம்பாள் பூவிழியைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தாள். புருஷனும் பெண்டாட்டியும் வாசலில் தாழ்ந்த குரலில் பேசினால், விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். அவள் போனதும் பேச்சு நின்றது. தன்னைப் பற்றித்தான் என்று உறுதிசெய்துகொண்டாள். அலமாரியில் இருந்த மாத்திரை டப்பாவை எடுத்து அரிசி டிரம்முக்குள் வைத்தாள். புத்தகத்தை இராஜாங்கத்தின் கண்ணில் படாமல் பெட்டியில் போட்டுப் பூட்டினாள்.

நாலாம் நாள் பூவிழிக்கு விடுமுறை. அலமாரியைத் திறந்தவள், “அத்தை, மாமா மாத்திரை டப்பா எங்க இருக்குங்க?” என்று கேட்டாள்.

“உனக்கு எதுக்கு அது?”

“தீர்ந்துபோற நேரம். மருந்து நடுவுல நிக்கக் கூடாதுங்க, அதான்.”

“அதை எண்ணி வச்சு ஊருக்குச் சொல்லணுமா?” நீலாம்பாளுக்கு அடக்கி வைத்ததெல்லாம் ஒரேயடியாக வந்தது. “வந்து ரெண்டு வருஷத்துல இந்தக் குடும்பத்து மானத்தை அச்சடிச்சு விக்க வச்சிட்டியே. உனக்கு நாங்க என்ன குறை வச்சோம்?”

பூவிழி அலமாரிக் கதவைச் சாத்தினாள். பேசியபோது குரல் உயரவில்லை.

“அந்த மாத்திரை எதுக்குன்னு வந்த முதல் வாரமே எனக்குத் தெரியுங்க. ஒருத்தர் என்ன மருந்து சாப்பிடுறாங்கன்னு வெளியில சொல்றது என் வேலைக்கே துரோகம். உங்க மகன்கிட்டகூட நான் வாயைத் திறக்கல. நீங்க சொல்ற வரைக்கும் எனக்கும் அது பிரஷர் மாத்திரைதான்னு இருந்தேன்.”

“அப்ப அவனுக்கு யாரு சொன்னது?”

“என்ன சொன்னது?” என்று கேட்டது இராஜாங்கம்.

வயலிலிருந்து வந்து கொல்லையில் கால் கழுவிக்கொண்டிருந்தவர், ஈரக் காலோடு வாசற்படியில் நின்றார். “அந்தப் புத்தகத்தைக் கொண்டா,” என்றார். அவள் அசையாமல் நின்றாள். “நீ பூட்டி வச்சிருக்கன்னு தெரியும். கொண்டா.”

நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு, எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் படித்தார். அரை மணி நேரம் ஆயிற்று. பெண்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கட்டில் படம் இருந்த பக்கத்தில் அவர் விரல் நின்றுவிட்டது. பழையபடி ஆகிவிடுவாரோ என்று நீலாம்பாள் பயந்தாள்.

“இதை யாரும் அவனுக்குச் சொல்லல,” என்றார் கடைசியில். “சொல்லியிருந்தா சுவரை வெள்ளையாப் போட்டிருக்க மாட்டான். அங்க இடுப்பு உயரத்துக்குப் பச்சைப் பெயிண்ட். ஜன்னலே கிடையாது. நீயோ உங்கண்ணனோ சொல்லியிருந்தா இது தப்பா வந்திருக்குமா?”

நீலாம்பாள் படத்தைக் குனிந்து பார்த்தாள். நாலு நாளாக மனசிலேயே நின்ற படம்தான். அவர் சொன்ன பிறகுதான் அவளுக்கே அந்தப் பச்சை ஞாபகம் வந்தது.

சாயங்காலம் வளவன் பள்ளியிலிருந்து வந்து வண்டியை நிறுத்தும்போதே, மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தயங்கினான்.

“எப்படிடா தெரியும்?” என்றாள் நீலாம்பாள்.

அவனுக்கு என்னவென்று கேட்கத் தேவை இருக்கவில்லை. “எங்க இருந்தாருன்னு தெரியாதும்மா. சிங்கப்பூர்ல இல்லன்னு மட்டும் தெரியும். குழம்பு வச்சுத் தூக்கிட்டுப் போவ. வந்தா உன் பையில டெட்டால் வாசம் வரும். அப்புறம் தூக்கைக் கழுவிக்கிட்டே அழுவ.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“கேட்டா இன்னும் அழுவியோன்னு பயம். அப்புறம் அப்பா வந்துட்டாரு. வந்தப்புறம் எதுக்குக் கேக்கணும்?”

“இப்ப எதுக்கு எழுதின?”

வளவன் அப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “என் வகுப்புல ஒரு பொண்ணு பேச்சையே நிறுத்திடுச்சு. அப்பா துபாய்ல இருக்காருன்னு வீட்டுல சொல்லியிருக்காங்க. ஒருநாள் இந்தக் கதையைச் சொன்னேன். மறுநாள் வந்து, ‘எங்கப்பாவும் துபாய்ல இல்ல சார்’னுச்சு. அதுக்கப்புறம்தான் எழுதினேன். உங்ககிட்ட முதல்ல கேட்டிருக்கணும்ப்பா. தைரியம் வரல. பூவிழிகிட்டகூட இது நம்ம வீட்டுக் கதைன்னு சொல்லல.”

இராஜாங்கம் அந்தக் கட்டில் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, அந்த இடத்தைப் பற்றி அவராகவே பேசினார்.

“பக்கத்துக் கட்டில்ல முருகையன்னு ஒருத்தன். வேதாரண்யத்துக்காரன், உப்பளத்து ஆளு. உங்கம்மா கொண்டாந்து வச்சிட்டுப் போற குழம்பை அவன்தான் வழிச்சு வழிச்சுத் தின்னான்.”

“நீங்க சாப்பிட்டு முடிச்சீங்கன்னுல்ல வெளியில காத்திருந்த எங்கிட்ட நர்ஸம்மா சொல்லித் தூக்கைக் குடுப்பாங்க?” என்றாள் நீலாம்பாள். “அந்தக் காலித் தூக்கைப் பாத்துத்தானே நான் தெம்பா இருந்தேன்.”

“மூணு மாசம் எனக்கு ஒண்ணும் எறங்கல. அவன் வீட்டுக்குப் போனப்புறம் மிச்சம் கிடக்குதேன்னு தொட்டுப் பாத்தேன். அன்னிக்குத்தான் உப்பு தெரிஞ்சுது.”

வளவனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நீலாம்பாளுக்குச் சிரிப்பதா, கோபப்படுவதா என்றே விளங்கவில்லை. “முருகையனுக்கு எத்தனை பிள்ளை?” என்று ஏதோ ஒன்றைக் கேட்டு வைத்தாள். இராஜாங்கம் அதற்கும் பதில் சொன்னார். மேலும் மேலும் சொன்னார்.

பேச்சு முடிந்து ஆண்கள் வெளியே போன பிறகு, பூவிழி அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நீலாம்பாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்தாள்.

“வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்ம்மா. தப்புதான்.”

“கோவம் இருக்குங்கத்தை,” என்றாள் பூவிழி, நிமிராமலே. “போயிடும். ஆனா இன்னிக்கே போகணும்னு எதிர்பாக்காதீங்க.”

“சரி,” என்றாள் நீலாம்பாள். இருவரும் மீதி வெங்காயத்தை உரித்தார்கள்.