முக்காலி பார்க்கும் திசை

…முன்னாலா பின்னாலா, இவ்வளவுதான் கேள்வி, இதற்குள் மூன்று காப்பி உள்ளே போய்விட்டது. டார்லா மேஜைக்கு அந்தப்புறம் பேனாவை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இருபது வருஷமாக டிராக்டர் கடையில் இருக்கிறவள், அவசரப்படுத்த மாட்டாள், ஆனால் அந்தப் பேனா உருளுகிற சத்தம் அவசரப்படுத்துகிறது. வாங்கப்போகிற புது டிராக்டரில், பாதைப் பனியை வாரி ஓரமாக வீசுகிற பனி ஊதியைப் பின்னால் மாட்டுகிறது என்றால் விலை கம்மி, மேஜைக்கு இந்தப்புறம் இருக்கிற வெய்க்கோவுக்குப் பழகின சங்கதி, என்ன, வண்டியைப் பின்னோக்கியே ஓட்டவேண்டும், தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு. முன்னால் மாட்டுகிறது என்றால் விலை கூட, போகிற திசையைப் பார்த்துக்கொண்டே போகலாம். வெய்க்கோவின் கழுத்து திரும்பாது. நாற்பது வயதில் காட்டில் மரம் வெட்டும்போது ஒரு பிர்ச் கிளை வந்து தோளில் உட்கார்ந்தது, அன்றிலிருந்து கழுத்துக்கு ஒரே திசைதான்… அப்படியானால் முப்பத்தொரு குளிர்காலம் பின்னோக்கி ஓட்டினாரே, எப்படி? ஐலி இருந்தாள். பால் கறக்கிற முக்காலி ஒன்றைச் சக்கர மூடியின்மேல் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார், பெண்டாட்டி அதில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொள்வாள், மடியில் காப்பி பிளாஸ்க், இடது, வலது, நில்லு, நில்லுன்னா நில்லுய்யா… அந்த முக்காலி இப்போதும் இருக்கிறது, ஏப்ரலிலிருந்து அதில் யாரும் உட்காருவதில்லை.

அந்த எழுபத்தொன்பதாம் வருஷத்துப் பனியைப் பற்றி டார்லாவிடம் சொன்னால் நம்புவாளா, வீடுகளே தெரியவில்லை, மேலே டிராக்டரை ஓட்டிக்கொண்டு போய்ப் புகைபோக்கிகளை முகர்ந்து பார்த்துத்தான் எது யார் வீடு என்று கண்டுபிடிக்கவேண்டியிருந்தது, மீன் பொரிக்கிற வாசனை வந்தால் லாம்ப்பி வீடு, கருகின வாசனை வந்தால் தன் வீடு. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊதி ஒரு செய்தித்தாளை விழுங்கி நாலாவது வீட்டு வாசலில் துப்பியது, அந்த வீட்டுக்காரர் குறுக்கெழுத்தை யாரோ ஏற்கெனவே பாதி போட்டுவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டார்… இதெல்லாம் பொய் என்று ஐலி சொல்லமாட்டாள். செய்தித்தாள் இல்லைங்க, விதைக் கேட்டலாக் என்று மட்டும் திருத்துவாள். இப்போது திருத்த ஆளில்லாமல் கதைகள் அப்படியே நிற்கின்றன, நம்பும்படியாக, கேட்கச் சகிக்கவில்லை.

போன வாரம் அக்கம்பக்கத்து ஐந்து வீட்டு வாசலிலும் பனி ஊதத் தனியாகப் போனார். கண்ணாடியைப் பார்த்து ஓட்டிக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு, கண்ணாடியில் பனி, வெளியிலும் பனி, எது எங்கே என்று யாருக்குத் தெரியும்? ஃபெர்ன் கோஸ்கியின் வாசற்படி மூன்றும் நொறுங்கிய பிறகுதான் அங்கே படி இருந்தது ஞாபகம் வந்தது. அவள் அங்கியோடு வெளியே வந்து நின்றாள், திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. “படிதானே, விடுங்க. வசந்தம் வந்ததும் போட்டுக்கலாம்” என்றாள். பிறகு மெதுவாக, “ஏன் வெய்க்கோ, இந்த வருஷம் நாங்க அஞ்சு வீட்டுக்காரங்களும் சேர்ந்து பனி தள்ள ஒரு ஆளை வெச்சுக்கட்டுமா? வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க.” ஆள் வந்தால் காசு வாங்கிக்கொண்டு போய்விடுவான். வெய்க்கோ காசு வாங்குவதில்லை, ஊதி முடித்ததும் சமையலறையில் ஒரு காப்பி, ஏலக்காய் போட்ட நிசு ரொட்டி ஒரு துண்டு, ஐந்து வீட்டில் ஐந்து துண்டு, ஐந்து பேரின் குரல். பனி பெய்யாத நாளில் ஒரு சொல்கூடப் பேசாமல் படுத்துவிடுகிற நாள்கள் இந்த நவம்பரிலேயே எத்தனை… வெள்ளிக்கிழமை என்பது நாளை.

“இந்தாங்க, சும்மா யோசிச்சுக்கிட்டே இருந்தா மிஷின் கிழவியாயிரும். வாங்க, ஓட்டிப் பாருங்க” என்று டார்லா முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். முன்னால் ஊதி மாட்டிய புது வண்டி, உள்ளே அடுப்புமாதிரிச் சூடு. அவள் ஏறுபடியில் தொற்றிக்கொண்டாள். ஊதி வாயைத் திறந்தது, பனி எழும்பி, கொழுத்த வில்லாக வளைந்து வேலிக்கு அந்தப்பக்கம் விழுந்தது. எவ்வளவு பனி! அது முகத்தை நோக்கி வந்துகொண்டே இருந்தது, பார்த்துக்கொண்டே அதற்குள் போவது இவருக்கு இதுதான் முதல் தடவை…

“இடது பக்கம் ஒடிங்க, இடது, இடது!”

வெய்க்கோ சுத்தமாக வலது பக்கம் ஒடித்தார். கடையின் குளிர்காலத் தள்ளுபடிப் பலகை கீழே சாய்ந்தது, சாய்ந்ததன் பாதி தூளாகப் பறந்தது.

“ஐயோ மனுஷா, உங்க ஊர்ல இடதுன்னா எந்தக் கை?”

ஐலியின் கை. அவள் திரும்பி உட்கார்ந்து இடது என்றால் இவருக்கு வலது, முப்பத்தொரு வருஷம் அப்படியே கேட்டுக் கேட்டு… இதை விளக்கப்போனால் குரல் எங்கே போய் நிற்கும் என்று தெரியாததால், “பலகை தப்பான இடத்துல இருந்துச்சு” என்றார்.

டார்லா சிரித்தாள், “தள்ளுபடி இன்னும் இருக்கு, பலகைதான் இல்ல. சொல்லுங்க, எதை எழுதட்டும்?”

“முன்னாடி மாட்டுறதே எழுது.” சொல்லிவிட்டார். ஃபெர்னுக்கு இன்றே தொலைபேசியில் சொல்லிவிடலாம், ஆள் வேண்டாம் என்று. அவ்வளவு பெரிய கல் இறங்கியும் இறங்கினமாதிரி இல்லை. “டார்லா… வண்டிக்குள்ள ஒரு முக்காலி போட இடம் இருக்குமா?”

அவள் எழுதுவதை நிறுத்தினாள். அவளுக்கும் ஐலியைத் தெரியும். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் உள்ளே அளந்தாள். “இருக்கு. நெருக்கித்தான் போடணும். எந்தப் பக்கம் பாத்தமாதிரி போடுறது?”

எந்தப் பக்கம்… பின்பக்கம் பார்த்தால் ஊதித் தள்ளிவிட்ட பாதைதான் தெரியும், கறுப்பாக, ஈரமாக, ஓரம் வெட்டினாற்போல், பாய் விரித்தமாதிரி விரிந்துகொண்டே போகும். வெய்க்கோவுக்கு அது நன்றாகத் தெரியும், அத்தனை குளிர்காலமும் வண்டி பின்னால் போகப் போக அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார், ஐலி முகத்தில் பனியை வாங்கிக்கொண்டிருந்தாள். இங்க பாரு, எவ்வளவு அழகா இருக்குன்னு ஒருநாள்… இல்லை, சொன்னதாக ஞாபகம் இல்லை. டார்லா நாடாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். முப்பத்தொரு வருஷத்தில் ஐலி ஒரே ஒரு தடவையாவது தானாகத் திரும்பி அந்தப் பாதையைப் பார்த்திருப்பாளா?