அண்ணனுக்கு ஏன் கத்தி வைக்கவில்லை

அண்ணன் ஊரில் இல்லாத நேரம் பார்த்து வயலை நான்தான் கெடுத்தேன். மடையோரம் ஒரு பாய் அகலத்துக்குக் கோரைக் களை முளைத்திருந்தது. அதை மண்வெட்டியால் தோண்டி, கிழங்கோடு பொறுக்கி எடுக்க வேண்டும். உத்திரமேரூர் ஏரித் தண்ணீரில் பயிர் வைக்கிற எவனுக்கும் இது தெரியும்; எனக்கும் தெரியும். ஆனால் தோண்டினால் இடுப்பு வலிக்கும். ஏரைப் பூட்டி ஓட்டிவிட்டேன். கிழங்கெல்லாம் துண்டு துண்டாகித் தண்ணீரோடு போய், கொஞ்ச நாளில் வயல் முழுக்கப் பச்சைப் பசேலென்று நின்றது. தூரத்திலிருந்து பார்த்தவர்கள், நாற்று நன்றாகப் பிடித்திருக்கிறது என்று பாராட்டினார்கள். நானும் மறுக்கவில்லை.

அண்ணன் ஏகாம்பரம் அப்போது பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். புதிதாக வந்த நயா பைசாவுக்கு நாங்கள் இன்னும் பழகாத காலம். அவருக்கோ அதற்கும் வெகு முன்பிருந்தே சுருட்டுப் பழக்கம். இருமலில் ரத்தம் வந்ததும் காசநோய் என்று பயந்து, அண்ணி சுலோச்சனா அவருக்குத் தனித் தம்ளர் வைத்தார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தவர்கள், காசம் இல்லை, நுரையீரலில் புற்று என்றார்கள்.

பக்கத்துக் கட்டிலில் திருமுக்கூடல் பெருமாள். அவருக்கும் நுரையீரலில் புற்றுதான். ஒரு பக்கத்து நுரையீரலையே அறுத்து எடுத்துவிட்டார்கள். மனிதர் வராந்தாவில் உலாத்துகிறார். எங்கள் அண்ணனுக்குக் கத்தியே வைக்கவில்லை. நெஞ்சுக்குக் கரண்டு, அதாவது எக்ஸ்ரே கதிர், காட்டினார்கள். ஊசி போட்டார்கள். ஊசி போட்ட அன்றெல்லாம் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி.

ஒரே நோய், ஒரே வார்டு, ஒரே டாக்டர். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பெண்டாட்டி காபியில் சர்க்கரை கொஞ்சம் கூடப் போட்டாலே எதையோ மறைக்கிறாள் என்று நினைக்கிற ஆள் நான்.

முதலில் பெருமாளைப் பிடித்தேன். "உமக்கு யாருய்யா சிபாரிசு?"

"சிபாரிசா? வெலாவைப் பொளந்து எட்த்தாங்கோ, அதுக்கு எவனாவது சிபாரிசு புடிப்பானா? எனக்கு ஒரே எடத்துல கெட்டியா குந்திக்கினு இருந்துச்சாம்."

"எங்க அண்ணனுக்கு?"

அவர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "தூக்கம் வருது நைனா." காலை நாஷ்டா சாப்பிட்ட கை இன்னும் காயவில்லை, அதற்குள் தூக்கமாம்.

நர்சைக் கேட்டால் டாக்டரைக் கேள் என்றார். டாக்டரைக் கேட்டால், "உங்க ஊர்ப் பக்கம் மழை உண்டா?" என்றார். நுரையீரலுக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்? எல்லாவற்றையும்விட அண்ணிதான் என் சந்தேகத்தைக் கூட்டினார். கோரை விஷயத்தைச் சொன்னேன். வழக்கமாக என் தலைமுறையையே இழுத்துத் திட்டுகிறவர், "போவட்டும் வுடு, நீ சாப்டியா?" என்று கேட்டார். இது சரியில்லை. யாரோ எங்கள் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள்.

மறுமுறை போனபோது நேரே அண்ணனின் போர்வையை மடித்துப் பையில் திணித்தேன்.

"இன்னாடா பண்றே?"

"எழுந்திருண்ணா. வேற ஆஸ்பத்திரிக்குப் போலாம். இங்க நம்மள ஏமாத்திக்கினு கீறாங்க."

"குந்துடா. ஒருத்தரும் ஏமாத்தலை. உன்கிட்ட சொல்ல வாணாம்னு நான்தான் எல்லார் வாயையும் கட்டி வெச்சேன்."

"ஏன்?"

"சொன்னா நீ பஸ் ஸ்டாண்டுலயே ஒப்பாரி வெப்பே."

"நானா? நான் இன்னா சின்னப் புள்ளயா?" என்றேன். குரல் அதற்குள் உடைந்திருந்தது. பெருமாள் மரியாதையாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணன் மூச்சு வாங்கினார். "கோரையை ஏர் வுட்டு ஓட்னியாமே?"

"யார் சொன்னது?"

"அது கெடக்கட்டும். இப்ப எந்த எடத்துல தோண்டுவே?"

எந்த இடத்தைச் சொல்வது? வயல் பூராவும்தான் இருந்தது.

"பெருமாளுக்கு வந்தது ஒரு ஜாதி. மரத்துல முண்டு கட்ற மாதிரி, ரொம்ப நாளு ஒரே எடத்துல வளருமாம். அறுத்து எடுக்கலாம். எனக்கு வந்தது வேற ஜாதி. பொடிப்பொடியா கீதாம். இருமல் காட்டிக் குடுக்கறதுக்கு முன்னாடியே ரத்தத்தோட போயி ஈரல்லயும் எலும்புலயும் எறங்கிடுச்சு. கத்தியை எங்கடா வெப்பாங்க? அதான் கரண்டு, அதான் ஊசி. அது எங்க இருந்தாலும் ஊசி மருந்து போயி வாட்டும். மூச்சு முட்டாம கொஞ்ச நாளு ஓடும்."

"வாட்டினா அது செத்துப் போயிடாதா?"

"மறுபடி மொளைக்கும்."

பையிலிருந்த போர்வையை எடுத்து, மடிப்பைப் பிரித்து அவர் காலில் போர்த்தினேன்.

"நேராச் சொல்லுண்ணா. பொழைச்சு வூட்டுக்கு வருவியா, மாட்டியா?"

அவர் மழுப்பவில்லை; மழையைப் பற்றியும் விசாரிக்கவில்லை.

"வூட்டுக்கு வருவேன்டா. பொழைக்க மாட்டேன். தை அறுப்பை நீதான் பார்க்கணும்."