அப்பா ரேடியோவில் வந்த மத்தியானம்

அப்பாவின் தலைமாட்டில் இருந்த பூச்செண்டை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் ரேடியோவை வைத்தார் சட்டி மாமா. ஏரியலை இழுத்தபோது அதன் நுனி அப்பாவின் காதில் உரசியது. மாமா கவனிக்கவில்லை. மகள் கவனித்தாள்.

“எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்க. நம்மாளு ரேடியோல வரப்போறாரு!” என்றார் மாமா. அவர் வாயிலிருந்து பறந்த பிஸ்கட் துணுக்கு சவப்பெட்டியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டது.

அப்பாவின் பாண்டில் டிரம்ஸ் அடித்தவர் அவர். சட்டி என்று பேர் வைத்ததே அப்பாதான். ஓர் அச்சகத்தின் நிலவறையில், மேலே மெஷின் ஓடாத நாட்களில், சைக்கடெலிக் ராக் என்று எதையோ வருஷக்கணக்கில் வாசித்தார்கள். ரீல் டேப்பைத் தூக்கிக்கொண்டு ரேடியோ நிலையத்துக்குப் போனால் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கொஞ்ச நேரம் கேட்பார். “சார், கேக்கறவங்க ரேடியோ ரிப்பேர்னு நெனச்சுப்பாங்க” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்பா செத்துவிட்டார் என்று தெரிந்ததும் அதே ஆள் போன் போட்டு டேப் கேட்டாராம். மாமா ஓடி வந்தார். அழுவதற்கு முன்னால் அப்பாவின் கட்டிலுக்கு அடியில் கையை விட்டார்.

பார்க்கவே குமட்டியது. ஆனாலும் மகள் தடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் தொண்டையில் கத்தி வைத்த பிறகு அப்பாவுக்குப் பேச்சே இல்லை. வீட்டில் டேப் ஓட்டும் மெஷினும் எப்போதோ படுத்துவிட்டது. அவர் குரல் எப்படி இருக்கும் என்பது அவளுக்கு மறந்துகொண்டே வந்தது. அதை யாரிடமும் சொல்லப் பயம். அந்த டேப்பில் அப்பா பாடுவார். பாடுவதற்கு முன்னால் சுருதி பிடிக்க நீளமாக ஒரு “ம்”. வீட்டிலும் எது கேட்டாலும் அந்த “ம்”தான் பதில். பெட்டியை மூடுவதற்குள் அதை ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும்.

“காலத்தைத் தாண்டிச் சிந்தித்த கலைஞர்...” என்று அறிவிப்பாளர் உருகி முடித்தார். பாட்டு தொடங்கியது.

“ம்” வரவில்லை. காற்றை உறிஞ்சுவது போல ஒரு சத்தம் வீங்கி வீங்கி வந்து சட்டென்று அறுந்தது. மறுபடியும் அதே. அது மாமாவின் சிம்பல் தட்டு என்று அவளுக்குப் பிடிபட்டது.

கேட்டு முடித்த டேப்பை அப்பா பின்னால் சுற்றி வைக்கமாட்டார். “வாலு வெளிய இருக்கட்டும், போடறப்ப சுத்திக்கலாம். அப்பதான் டேப்பு கெடாது” என்பார். மாமாவுக்கும் இது தெரியும். நிலையத்துக்கு ஓடிய அவசரத்தில் சொல்லாமல் கொடுத்திருக்கிறார். அங்கே இருந்த புண்ணியவானும் சுற்றாமல் அப்படியே மாட்டிவிட்டான்; பாட்டு வாலிலிருந்து தலைக்கு ஓடுகிறது.

அப்பா பாட ஆரம்பித்தார். வார்த்தைகள் வாயிலிருந்து வெளியே வரவில்லை, உள்ளே போயின. குழாய் வழியாகப் பால் இறங்கும்போது அவர் தொண்டை போட்ட சத்தம் போலவே இருந்தது.

“என்னமா பாடறாரு!” என்று பக்கத்து வீட்டு அத்தை கண்ணைத் துடைத்தாள்.

“என்ன பாஷைக்கா அது?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“யாரு கண்டா? பெரிய பாட்டுடி.”

மாமா கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

“மாமா, தலைகீழா ஓடுது.”

தாளம் நின்றது. அவர் காது சிவந்தது. தான் அடித்த சட்டி அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

“போன் போட்டு நேரா போடச் சொல்லுங்க மாமா. இப்பவே. அப்புறம் மூடிடுவாங்க.”

“அடங்கு குட்டி,” என்று காதருகே குனிந்தார். பிஸ்கட் வாடை அடித்தது. “தப்புன்னு சொன்னா இன்னொரு வாட்டி போடுவானா அவன்? எவனுக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியுதே.”

“அப்பாவுக்குப் பேரு வரட்டுமே, என்ன இப்ப?”

அதற்குள் ரேடியோ நிலையத்திலிருந்து போன் அடித்தது. மாமா பாய்ந்து எடுத்தார். “ஆமா சார்... ஆமா ஆமா, வேணும்னே பண்ணதுதான் சார். அவரோட ஐடியா. நான்தான் கூட இருந்து...” என்று இளித்தார். அந்தப் பல்லிடுக்கில் இருந்ததைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் உறைத்தது. ஆரம்பம் கடைசியில் வரும்.

மூடியைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஆட்கள் உள்ளே வந்தார்கள். “ஒரு நிமிஷம்ணே” என்றாள். அப்பாவின் தலைப்பக்கம் மண்டியிட்டு ரேடியோ வலையில் காதை அழுத்தினாள். சாயம் பூசிய அந்த முகத்திலிருந்து மருந்து வாடை வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கிட்டார் உள்வாங்கியது. சட்டி ஒழிந்தது.

“ம்...”

அதற்கு மட்டும் தலையும் இல்லை, வாலும் இல்லை; எந்தப் பக்கம் ஓட்டினாலும் அதே “ம்”தான். வந்தது, போனது. உடனே சோப்பு விளம்பரம் குதித்தது.

மாமா போனைப் பொத்திக்கொண்டு, “நாளைக்கும் போடறாங்களாம்!” என்று கூவினார்.

அம்மா மெல்ல வந்து மகளின் முதுகில் கை வைத்தாள். “மூடிடலாமா கண்ணு?”

“ம்,” என்றாள்.

அம்மா திடுக்கிட்டுப் பெட்டிக்குள் பார்த்தாள்.